அக்காவும் தம்பியும்: பெருந்தொற்றுக் காலத்தில் முதியோர் தனிமை குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் இருவரும் உடன்பிறந்தவர்கள். 2020-ல் அக்காவுக்கு வயது 74. கும்பகோணத்தை அடுத்த ஒரு காவிரிப் பாசனக் கிராமத்தில் இருந்தார். தம்பிக்கு 71. சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் தனியாக இருந்தார். இருவருடைய சம்மதத்தின் பேரில் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நான் முதியோர் நலனுக்கான ஒரு தொண்டு அமைப்பில் சமூகப் பணியாளர். பொதுமுடக்கத்தின்போது சென்னையிலும் தஞ்சை மாவட்டத்திலும் தனித்திருந்த முதியவர்களைத் தொலைபேசியில் விசாரித்து, மருந்தும் மளிகையும் சேர்ப்பிக்கும் வேலையை எங்கள் குழு செய்தது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூறில் பத்துப் பேருக்கு மேல் (10.4 விழுக்காடு) 60 வயதைக் கடந்தவர்கள். நாட்டின் சராசரி 8.6 விழுக்காடு. பிள்ளைகள் வேலை தேடி வெளியூர் போன வீடுகள் இங்கே ஏராளம். நகரத்தில்தான் முதியவர்கள் தனித்துப் போவார்கள், கிராமத்தில் ஊரே துணை என்று நாம் பேசிப் பழகியிருக்கிறோம். இந்த இருவரில் அதிகம் தனித்துப் போனவர் மகன் அடுத்த தெருவிலேயே இருந்த அக்காதான். அதை நாங்கள் எப்படிக் கண்டோம், என்ன செய்தோம் என்பதைப் பதிவு செய்யவே இதை எழுதுகிறேன்.

பின்னணி

அக்கா கணவரை இழந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அதற்கும் முன்பிருந்தே வீட்டுத் திண்ணையில் இட்லிக் கடை நடத்தி வந்தார். விடியுமுன் அடுப்பு மூட்டிவிடுவார். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்கள், முதல் பஸ்ஸுக்கு நிற்பவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று ஒன்பது மணிவரை ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். வருமானம் சொற்பம். ஆனால் எந்த வீட்டுப் பெண் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதெல்லாம் முதலில் தெரிவது அந்தத் திண்ணையில்தான். மகன் குடும்பம் அடுத்த தெருவில். மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில். ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதாமாதம் மாத்திரை வாங்கி வந்தார். சில ஆண்டுகளாகக் காது மந்தம். யாரும் அதை ஒரு நோயாகக் கருதவில்லை, அவரும் கருதவில்லை. கடையில் எதிரில் நிற்பவரின் முகம் தெரியும். கேட்கப்போவது எத்தனை இட்லி, சட்னியா சாம்பாரா என்பதும் தெரியும். வாயசைவே போதுமாக இருந்தது.

தம்பி பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி 2018-ல் இறந்துவிட்டார். மகன் அமெரிக்காவில், மகள் பெங்களூரில். காலையில் பூங்காவில் நடை, பிறகு பழைய தொழிற்சாலை நண்பர்களோடு டீக்கடை, அங்கிருந்து கிளை நூலகம். ஒரு சமையல்கார அம்மா காலையில் வந்து இரண்டு வேளைக்கும் சேர்த்துச் சமைத்து வைத்துவிட்டுப் போவார். ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் தவறாமல் ஊருக்குப் போய் அக்காவுக்குச் சீர் வைப்பார்: பச்சரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் கொத்து, ஒரு புடவை. 2020 பொங்கலுக்கும் போய்வந்திருந்தார்.

2020 மார்ச் முதல் மே வரை

மார்ச் 24 மாலை தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு அமலுக்கு வந்தது. மறுநாளிலிருந்து நாடு முழுவதும் பொதுமுடக்கம். 21 நாள் என்று சொல்லப்பட்டது நீண்டுகொண்டே போனது. 65 வயதைக் கடந்தவர்களும் நீண்டகால நோய் உள்ளவர்களும் வீட்டைவிட்டு வெளியே வர வேண்டாம் என்பது அரசின் அறிவுரை. மருத்துவ நோக்கில் அது நியாயமானது. இந்த நோய் முதியவர்களைத்தான் அதிகம் கொன்றது.

இட்லிக் கடை மூடப்பட்டது. மகன் தாய்மீது உயிரையே வைத்திருப்பவர். சர்க்கரை இருக்கிறது, வயதாகிவிட்டது என்று பயந்து, அம்மா வாசலைத் தாண்டக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மூன்று வேளையும் சாப்பாடு மகன் வீட்டிலிருந்து தூக்குவாளியில் வரும். பேரப்பிள்ளைகள் திண்ணையில் வைத்துவிட்டு ஓடிவிடுவார்கள். அப்பாயிக்கு நம்மால் நோய் வந்துவிடக்கூடாது, கிட்டே போகாதீர்கள் என்று அவர்களுக்குச் சொல்லியிருந்தது. மகனும் மருமகளும் தெருவில் நின்று, முகக்கவசத்தோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள்.

மே மாதத்தில் எதிர்வீட்டுப் பெண்மணி மாரடைப்பில் இறந்தார். அக்காவுக்கு நாற்பது ஆண்டுப் பழக்கம். இறுதிச் சடங்குக்கு 20 பேருக்கு மேல் கூடக்கூடாது என்ற விதி இருந்தது. உடலைச் சில மணி நேரத்தில் எடுத்துவிட்டார்கள். ஒப்பாரி வைக்கப் பெண்கள் கூடவில்லை, கட்டிக்கொண்டு அழ ஒருவரும் இல்லை, பதினாறாம் நாள் காரியமும் பெயரளவில் முடிந்தது. அக்கா தன் வாசற்படியில் நின்றபடியே பார்த்தார்.

சென்னையில், குடியிருப்புச் சங்கம் வெளியாட்கள் யாரும் உள்ளே வரக்கூடாது என்று அறிவிப்பு ஒட்டியது. சமையல்கார அம்மா நின்றார். செய்தித்தாளும் நின்றது. பூங்கா, டீக்கடை, நூலகம் மூன்றும் ஒரே நாளில் மூடின. மகன் வாரம் தவறாமல் வீடியோ அழைப்பில் வந்தார். மகள் தினமும் பேசினார். அழைப்புகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் தம்பிக்கு எந்தக் குறையும் இல்லை.

முதல் அறிகுறிகள்

தம்பி எங்கள் பட்டியலுக்கு வந்தது ஏப்ரல் கடைசியில். அவரை அழைக்கும் தன்னார்வலர் ஒரு கல்லூரி மாணவி. படிவத்தில் கேட்கவேண்டிய கேள்விகள் நான்கு: சாப்பாடு கிடைக்கிறதா, மாத்திரை இருக்கிறதா, காய்ச்சல் இருமல் உண்டா, வேறு உதவி தேவையா. எல்லாவற்றுக்கும் ஒழுங்கான பதில் வந்தது. ஆனால் அந்த மாணவி படிவத்தின் ஓரத்தில் இரண்டு விஷயங்களைக் குறித்திருந்தார். பேச்சைத் தொடங்கும்போது அவர் குரல் கம்மிக் கிடக்கிறது, சில நிமிடங்களுக்குப் பிறகே தெளிகிறது. அழைப்பை முடிக்க அவர் விடுவதில்லை. உன் சொந்த ஊர் எது, அங்கே எந்த ஆறு ஓடுகிறது, அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். குரல் கம்முவதற்குக் காரணம் தொண்டையில் இல்லை. அதற்கு முன்பு அன்று அவர் யாரிடமும் வாய்திறந்து பேசியிருக்கவில்லை. இந்தக் குறிப்புதான் எங்களை நிமிர்ந்து உட்கார வைத்தது.

மே நடுவில் அவரே ஒரு வேண்டுகோள் வைத்தார். "ஊரில் அக்காவை யாராவது போய்ப் பார்க்க முடியுமா? புத்தி தடுமாறுகிறதோ என்று பயமாக இருக்கிறது. கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டால், பால் வாங்கியாகிவிட்டது என்கிறார்." அக்காவின் மகனுக்கும் அதே சந்தேகம். தன் ஊர்க்காரர் ஒருவருடைய தாய்க்கு மறதி நோய் இப்படித்தான் தொடங்கியது என்றார்.

தம்பி நேரில் போக முயன்றார். மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் தேவைப்பட்ட காலம். திருமணம், இறப்பு, மருத்துவம் ஆகியவற்றுக்கே கிடைத்தது. அக்காவைப் பார்க்க வேண்டும் என்பது அதில் எதிலும் அடங்கவில்லை. கோயம்பேடு சந்தையிலிருந்து தொற்று மாவட்டங்களுக்குப் பரவிய நேரம் அது. சென்னையிலிருந்து வருகிறவர் என்றாலே ஊர்களில் அச்சம். மருமகன் முறையுள்ள அக்கா மகனே, "மாமா, இப்போது வர வேண்டாம், ஊரில் ஒரு மாதிரி பேசுவார்கள்" என்று கேட்டுக்கொண்டார். அந்த வார்த்தை தம்பியின் மனதில் தைத்துவிட்டது.

எங்கள் தஞ்சைக் குழுவும் அக்காவை இரண்டொரு முறை தொலைபேசியில் அழைத்துப் பார்த்தது. "நன்றாக இருக்கிறேன், சரி, சரி" என்ற பதிலே வந்தது. படிவத்தில் "நலம்" என்று பதிவானது.

ஜூன்: தெருவில் நடந்த பரிசோதனை

ஜூன் பிற்பகுதியில் எங்கள் செவிலியர் ஒருவர், கிராம சுகாதாரச் செவிலியருடன் அக்காவின் வீட்டுக்குப் போனார். இருவரும் முகக்கவசம் அணிந்திருந்தார்கள். இன்று என்ன கிழமை, என்ன மாதம், காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார்கள். அக்கா சிலவற்றுக்குப் பதில் சொல்லவில்லை, சிலவற்றுக்குச் சம்பந்தமில்லாமல் சொன்னார். அத்தோடு திரும்பியிருந்தால் மறதி நோய் என்ற சந்தேகம் உறுதியாகியிருக்கும். எங்கள் செவிலியர் தெருவின் மறுபக்கம் போய் நின்று, முகக்கவசத்தைக் கீழே இறக்கி, அதே கேள்விகளை நிறுத்தி நிதானமாக மறுபடி கேட்டார். கிழமை, மாதம், தேதி எல்லாம் சரியாக வந்தன. கேட்காததையும் அக்கா சொன்னார்: மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டது, குறுவை நடவு நடக்கிறது, யார் யார் வயலில் முடிந்துவிட்டது, யார் வயலில் பாக்கி. அந்த ஆண்டு ஜூன் 12-ல், பல ஆண்டுகளுக்குப் பிறகு வழக்கமான நாளில், மேட்டூர் அணை திறக்கப்பட்டிருந்தது. "நடவுக்கு ஆள் போகிறது. இட்லி கேட்க ஒருவரும் வரவில்லை" என்றார்.

அவர் நினைவில் ஒரு குறையும் இல்லை. ஊரில் எல்லார் வாயும் முகக்கவசத்துக்குள் போய்விட்டதுதான் விஷயம். முதுமையில் வரும் செவித்திறன் குறைவு முதலில் உயர் அதிர்வெண் ஒலிகளைத் தின்னும். சத்தம் கேட்கும், சொல் பிரியாது. ஒரு சொல்லின் உயிரொலி காதில் விழும், முன்னே நிற்கும் மெய்யொலி விழாது. அதனால்தான் கால் பாலானது. அந்த இடைவெளியை இத்தனை காலம் உதட்டைப் பார்த்தே அவர் நிரப்பியிருக்கிறார். முகக்கவசம் உதட்டை மறைத்தது, அதோடு மெய்யொலிகளையும் மேலும் மழுக்கியது. தொலைபேசியிலோ உதடே கிடையாது.

கருவியால் பார்த்தபோது இரு காதுகளிலும் குறும்பி இறுகியிருந்தது. எடை, சுகாதார நிலையக் குறிப்பேட்டில் கடைசியாகப் பதிவானதைவிடக் கண்கூடாகக் குறைந்திருந்தது. தூக்குவாளியில் வருவதில் பாதியை அக்கா மாட்டுக்கு வைத்துவிடுவதாக மருமகள் பிறகு சொன்னார். தனிமையை அளக்க உலகெங்கும் பயன்படும் மூன்று கேள்விகளைச் செவிலியர் பேச்சுத் தமிழில் கேட்டார். துணையில்லை என்று தோன்றுகிறதா, ஒதுக்கிவிட்டார்கள் என்று தோன்றுகிறதா, பிறரிடமிருந்து பிரிந்து கிடப்பதாகத் தோன்றுகிறதா என்பவை அவை. ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து மூன்றுவரை மதிப்பெண். மொத்தம் மூன்றிலிருந்து ஒன்பது, கூடக்கூடத் தனிமை அதிகம். அக்காவுக்கு எட்டு வந்தது. "எல்லாரும் இருக்கிறார்கள். வருகிறார்கள், போகிறார்கள். எனக்கு ஒருத்தர் முகமும் தெரியவில்லை, ஒருத்தர் பேச்சும் புரியவில்லை" என்றார்.

அதே வாரம், சென்னை

சென்னையிலும் அதைச் சுற்றிய மாவட்டங்களிலும் ஜூன் 19 முதல் 30 வரை மறுபடி முழுப் பொதுமுடக்கம். மளிகை கொண்டுபோன எங்கள் ஆள் தம்பியின் கதவருகே நின்று பார்த்ததை எழுதி அனுப்பினார். முகம் மழிக்கப்படாமல் பல நாள் ஆகியிருந்தது. மேசையில் ரஸ்க் பாக்கெட்டுகள். தொலைக்காட்சியில் அன்றைய தொற்று எண்ணிக்கை ஓடிக்கொண்டே இருந்தது. வீடியோ அழைப்பில் மகனுக்குத் தெரிவது முகம் மட்டும்தான். அந்த அழைப்புக்கு முன் மட்டும் அவர் சட்டை மாற்றிக்கொண்டு தலைவாரிக்கொள்வார் என்பது பின்னர் தெரிந்தது.

முதுமை மனச்சோர்வு அளவுகோலின் 15 கேள்விகளில் அவருக்கு ஏழு வந்தது. ஐந்துக்கு மேல் போனால் மருத்துவர் பார்க்க வேண்டும். தொலைமருத்துவத்துக்கான நெறிமுறைகள் அந்த மார்ச் 25-லேயே வெளியாகியிருந்ததால், மனநல மருத்துவர் வீடியோவில் பார்க்க முடிந்தது. சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று மருத்துவர் நேராகக் கேட்டார். அப்படிக் கேட்பது அந்த எண்ணத்தை விதைத்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அது சரியல்ல, கேட்காமல் விடுவதே ஆபத்து. "அப்படியெல்லாம் இல்லை. எழுந்து எதற்கு என்றுதான் தோன்றுகிறது" என்றார் அவர். தனிமை மதிப்பெண் ஏழு.

எடுத்த முடிவுகளும் அவற்றுக்கான காரணங்களும்

குடும்பம் முன்வைத்த யோசனைகள் மூன்று. அக்காவை மகன் வீட்டுக்கே அழைத்துக்கொள்வது, தம்பியைப் பெங்களூர் அனுப்புவது, அக்காவுக்கு ஒரு ஸ்மார்ட்போன் வாங்கித் தருவது. மூன்றையும் அப்போதைக்குத் தள்ளிவைத்தோம். மகன் வீட்டில் தினமும் வெளியே வேலைக்குப் போய்வருகிறவர்கள் இருந்தார்கள், தொற்று அபாயம் அங்கேதான் அதிகம். அக்காவும் தன் அடுப்பை விட்டு வரச் சம்மதிக்கவில்லை. தம்பியின் பயணம் அந்த நேரத்தில் சாத்தியமில்லை. காது கேளாதவருக்கு எந்த போனும் போன்தான்.

நாங்கள் கேட்டுக்கொண்ட கேள்வி வேறு: இவரிடமிருந்து எது பறிபோனது? அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் வெய்ஸ் 1973-லேயே தனிமையை இரண்டாகப் பிரித்தார். நெருங்கிய ஒருவர் இல்லாத தனிமை ஒன்று, பழகும் வட்டமே இல்லாத தனிமை மற்றொன்று. ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்கு ஆகாது. என் அனுபவத்தில் மூன்றாவதாக ஒன்றையும் சேர்ப்பேன். பிறருக்குத் தேவைப்படுகிறவராக இருந்தவர், ஒரே நாளில் பிறர் காப்பாற்ற வேண்டியவராக மாறிவிடுவது. மார்ச் வரை அக்கா ஊருக்குச் சோறு போட்டவர். ஏப்ரலில் அவருக்குத் தூக்குவாளி வந்தது. "சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா, வெளியே போகாதீர்கள்" என்று அன்போடு கேட்கிற ஒவ்வொரு அழைப்பும் அந்த மாற்றத்தை அவருக்கு மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டிருந்தது. எங்கள் படிவத்தின் நான்கு கேள்விகளும் அதே வகை.

அக்காவுக்கான தொலைபேசி அழைப்புகளை நிறுத்தினோம். அதே ஊரைச் சேர்ந்த ஓர் இளம்பெண் வாரத்தில் சில நாள் மாலையில் போய்ப் பேசுவது என்று ஏற்பாடு. திறந்த தெருவில், இரண்டு மீட்டருக்கு மேல் தள்ளி நின்று, முகம் தெரியப் பேச வேண்டும். அருகே போகும்போது கவசம் அணிய வேண்டும். இதில் சிறிய அபாயம் உண்டு என்பதை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடமும் மகனிடமும் ஒளிக்காமல் பேசி, இருவருடைய ஒப்புதலோடு செய்தோம். நேரில் ஒரு பேச்சும் இல்லாமல் சோற்றை மாட்டுக்கு வைக்கிற நிலை அதைவிடப் பெரிய அபாயம் என்பது எங்கள் கணிப்பு.

கடையைப் பற்றி மகனோடு நீண்ட பேச்சு நடந்தது. ஆள் கூடும் கடை கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார், அது நியாயமும்கூட. கடைசியில் அக்கா மாவு மட்டும் அரைப்பது, பக்கத்து வீட்டுப் பெண் அதை வாங்கித் தன் வாசலில் விற்பது என்று முடிவானது. தன் பதத்தில் மாவு இருக்கிறதா என்று பார்க்கும் அதிகாரம் அக்காவிடமே இருக்க வேண்டும் என்பது அவர் வைத்த ஒரே நிபந்தனை.

தம்பிக்கு மருத்துவர் உடனே மாத்திரை எழுதவில்லை. பகல் தூக்கத்தை நிறுத்துவது, செய்தியை ஒரு நாளைக்கு ஒரு முறை மட்டும் பார்ப்பது, சில வாரங்களில் மறுபடி பார்ப்பது என்று தொடங்கினார். நாங்கள் குடியிருப்புச் சங்கத்தோடு பேசினோம். உடல்வெப்பச் சோதனை, கைகழுவல், ஒரே வீட்டில் மட்டும் வேலை என்ற நிபந்தனைகளோடு சமையல்கார அம்மாவை ஜூலையில் அனுமதித்தார்கள். தம்பியிடம் நாங்கள் கேட்ட உதவிதான் முக்கியமானது. எங்கள் பட்டியலில் இருந்த ஓய்வூதியர் பலருக்கு வங்கி, ஓய்வூதியச் சந்தேகங்கள் குவிந்து கிடந்தன. தன்னார்வலர்களான மாணவர்களுக்கு அதில் ஒன்றும் புரியவில்லை. அவருக்கு எல்லாம் அத்துப்படி. அவர்களை அவரே அழைத்துப் பேச முடியுமா என்று கேட்டோம். அவரைத் தேற்றுவதற்காகக் கேட்ட கேள்வி அல்ல அது. எங்களுக்கு உண்மையிலேயே ஆள் தேவைப்பட்டது.

அக்காவோடு பேச வழியில்லையே என்று அவர் வருந்தியபோது, கடிதம் எழுதலாமே என்று சொன்னவர் அந்த மாணவி. அக்கா ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். எழுத்துக்கூட்டி வாசிப்பார். அஞ்சலகங்கள் இயங்கிக்கொண்டிருந்தன. இன்லேண்ட் கடிதம் இரண்டரை ரூபாய்.

2020 ஜூலை முதல் 2021 பொங்கல் வரை

முதல் கடிதத்தை அக்கா பல நாள் வைத்து வாசித்தார் என்று அந்த இளம்பெண் சொன்னார். தம்பி அதில் நலம் விசாரிக்கவில்லை. சிறுவயதில் ஆற்றில் தன் சட்டை போனதற்கு அக்கா அப்பாவிடம் அடிவாங்கிய கதையைத் தப்பும் தவறுமாக எழுதியிருந்தார். அக்கா பதிலை அந்தப் பெண்ணிடம் சொல்லி எழுத வைத்தார். அதில் பாதி, தம்பியின் கதையில் உள்ள பிழைகளைத் திருத்துவது. கடிதப் போக்குவரத்து அதன்பின் நிற்கவில்லை. முதியோர் உதவித்தொகை 1,000 ரூபாயைக் கைரேகை வைத்து வீட்டிலேயே எடுத்துத் தந்த அஞ்சல்காரர்தான் கடிதமும் கொண்டு வந்தார். வாசலில் நின்று, முகம் காட்டி, ஊர்ச்செய்தி இரண்டு சொல்லிவிட்டுப் போகும் பழக்கம் அவருக்குத் தானாக வந்தது. எந்தத் திட்டத்திலும் எழுதப்படாத அந்தப் பழக்கத்துக்கு நான் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறேன்.

குறும்பியை இளக்கும் சொட்டு மருந்துக்குப் பிறகு தாலுகா மருத்துவமனையில் அதை எடுத்தார்கள். அதிலேயே ஓரளவு தெளிவு வந்தது. செப்டம்பர் 1-ல் மாவட்டத்துக்குள் பஸ் ஓடத் தொடங்கியபின் செவித்திறன் பரிசோதனை முடிந்து, காதுக்குப் பின்னால் மாட்டும் கருவி கிடைத்தது. ஒரு சிக்கல் எழுந்தது: முகக்கவசத்தைக் கழற்றும்போதெல்லாம் அதன் காதுப்பட்டி கருவியையும் சேர்த்து இழுத்துக் கீழே போட்டது. பின்தலையில் முடிச்சுப் போடும் கயிறு வைத்த துணிக் கவசங்களை மருமகள் தைத்துக் கொடுத்தார். கருவி பழகச் சில வாரங்கள் பிடித்தன. மிக்சி சத்தமும் பாத்திரச் சத்தமும் தலையை இடிக்கிறது என்று கழற்றி வைத்துவிடுவார். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் என்று தொடங்கிக் கூட்டிக்கொண்டு போனோம்.

தம்பியின் அழைப்புப் பட்டியல் நீண்டுகொண்டே போனது. ஆண்டுதோறும் நவம்பரில் தர வேண்டிய ஆயுள் சான்றிதழுக்கு அந்த ஆண்டு காலக்கெடு நீட்டிக்கப்பட்டிருந்தது. அது தெரியாமல், கூட்டத்தில் வங்கிக்குப் போக வேண்டுமோ என்று பயந்திருந்தவர்கள் பலர். அவர்களுக்கு விவரம் சொல்லி, வீட்டிலிருந்தே கைரேகை வைத்து எடுக்கும் வழியையும் அவர் ஏற்பாடு செய்தார். அழைப்பு மணியடித்து முதலில் அவர் பேசும் நேரம் காலை ஒன்பது. ஒன்பதுக்குள் முகம் மழித்துவிடுவதாக அவரே சொன்னார்.

2021 பொங்கலுக்கு அவர் ஊருக்குப் போனார். புடவையும் மஞ்சள் கொத்தும் எடுத்துப் போனார். திண்ணையில் ஜன்னல் பக்கம் ஒருவர், தூண் பக்கம் ஒருவராக உட்கார்ந்து பேசினார்கள். அந்த மாதம் கேட்டபோது அக்காவின் தனிமை மதிப்பெண் ஐந்து, தம்பிக்கு நான்கு. அக்காவின் எடை பழையபடி ஏறவில்லை, ஆனால் குறைவது நின்றது. எதிர்வீட்டுப் பெண்மணியைப் பற்றி மட்டும் அவர் பேச மறுத்தார். மாலையில் வாசலில் உட்காரும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பியே உட்கார்ந்தார். அந்தத் துக்கம் ஆற வேண்டிய முறையில் ஆறவில்லை. அதற்கு எங்களிடம் வழி இருக்கவில்லை.

இரண்டாம் அலையும் அதற்குப் பிறகும்

60 வயதைக் கடந்தவர்களுக்குத் தடுப்பூசி மார்ச் 1-ல் தொடங்கியது. இருவரும் முதல் தவணை போட்டுக்கொண்டார்கள். மே 10-ல் மாநிலத்தில் பொதுமுடக்கம், 24-லிருந்து தளர்வற்ற முடக்கம்.

அக்காவின் கருவிக்கான 13-ஆம் எண் பேட்டரி ஒன்று இரண்டு வாரத்துக்கு மேல் தாங்காது. கும்பகோணத்தில் அது கிடைக்கும் கடை மூடியிருந்தது. மருந்துக்கடைகளில் இல்லை. கையில் இருந்தது தீர்ந்ததும், ஓராண்டு உழைப்பில் மீண்ட பேச்சு மறுபடி நின்றது. சென்னையில் தெரிந்தவர் ஒருவர் மூலம் தம்பி ஓர் அட்டை பேட்டரி வாங்கி, கடித உறைக்குள் தாளில் சுற்றி அனுப்பினார். அது போய்ச் சேரும்வரை தெருப்பேச்சும் கடிதமுமே கைகொடுத்தன.

தம்பிக்கு அடி வேறு விதமாக விழுந்தது. அவர் அழைத்து வந்தவர்களில் இருவர் அந்த மே மாதத்தில் இறந்தார்கள். ஒருவரின் எண்ணுக்கு இவர் வழக்கம்போல் அழைக்க, இறந்தவருடைய மகன் எடுத்துச் செய்தியைச் சொன்னார். சில வாரங்கள் இவர் யாரையும் அழைக்கவில்லை. நாங்களும் வற்புறுத்தவில்லை. அந்த மாணவி மட்டும், வேலை எதுவும் சொல்லாமல், தினமும் அழைத்துப் பேசினார். ஜூலையில் அவரே திரும்பத் தொடங்கினார்.

ஆண்டு இறுதியில் மகளின் வற்புறுத்தலில் பெங்களூர் போனார். மகள் அன்பாகத்தான் வைத்திருக்கிறார். ஆனால் அங்கே அவருக்கு மொழி இல்லை, டீக்கடை இல்லை, ஓய்வூதியச் சந்தேகம் கேட்பவர்களும் மெல்லக் குறைந்துவிட்டார்கள். கடைசியாகக் கேட்டபோது மதிப்பெண் ஆறு. அக்காவுக்கு ஐந்தாகவே இருந்தது. இட்லிக் கடை மறுபடி திறந்திருக்கிறது, காலையில் இரண்டு மணி நேரம் மட்டும்.

என்ன மாற வேண்டும்

எங்கள் படிவத்தில் இப்போது மூன்று தனிமைக் கேள்விகள் சேர்ந்திருக்கின்றன. அவற்றோடு, "இதற்கு முன் நீங்கள் யாருக்கு என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று ஒரு கேள்வியும் இருக்கிறது. தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது அதிக நேரம் செலவிடுவது இந்தக் கேள்விக்குத்தான். பதில் சட்டென்று வராது. காத்திருக்க வேண்டும்.

முதியவரின் பதில் சம்பந்தமில்லாமல் இருந்தால், மறதி என்று முடிவுகட்டுமுன் காதைப் பார்ப்பது கட்டாயமாக வேண்டும். மறதி நோய்க்கான தவிர்க்கக்கூடிய காரணிகளாக லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2020-ல் பட்டியலிட்ட பன்னிரண்டில் செவித்திறன் குறைவும் சமூகத் தனிமையும் இரண்டுமே உண்டு. ஒன்றைக் கவனிக்காமல் விட்டால் மற்றொன்று தானே வந்து சேர்வதை இந்த வீட்டில் பார்த்தோம். 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். காதுக்குள் ஒரு பார்வையும் இந்த மூன்று கேள்விகளும் அதில் சேர்ந்தால், அக்காவைப் போன்றவர்கள் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்காது.

செவிக்கருவி பேட்டரி அடுத்த முடக்கத்தில் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்க வேண்டும். சர்க்கரை மாத்திரையை இரண்டு மாதத்துக்குச் சேர்த்துக் கொடுக்க முடிந்ததுபோல் இதையும் கொடுக்கலாம். செலவு மிகக் குறைவு.

குடியிருப்புச் சங்கங்கள் வீட்டு வேலைக்கு வருபவர்களைத் தடுக்கும்போது, தனித்து வாழும் முதியவர்களுக்கு விதிவிலக்கு முதல் நாளே எழுதப்பட வேண்டும். தம்பி மூன்று மாதம் ரஸ்க்கில் காலம் தள்ளியதற்கு அவசியமே இல்லை.

துக்கத்துக்கு இடம் விடாத விதிகளைப் பற்றி யாராவது பொறுப்பில் இருப்பவர்கள் யோசிக்க வேண்டும். கோயில் மைதானம், பள்ளி மைதானம் போன்ற திறந்தவெளியில், தள்ளித்தள்ளி நின்று, சில வாரம் கழித்தாவது ஊர் கூடி அழ ஒரு நாள் அனுமதித்திருக்கலாம். இறந்தவரின் வயதொத்த பெண்களுக்கு அது மருந்தைப் போலவே அவசியமானது.

இடம் மாறிப் போகும் முதியவரைத் தொடர்வதற்கு எங்களிடம் இன்னும் ஒரு முறை உருவாகவில்லை. தம்பி பெங்களூர் போன நாளிலேயே அங்குள்ள ஒரு குழுவிடம், அவர் நோயாளி என்ற குறிப்போடு அல்ல, ஓய்வூதிய விவரம் அறிந்தவர் என்ற குறிப்போடு ஒப்படைத்திருக்க வேண்டும். அங்குள்ள ரயில்வே ஓய்வூதியர்களோடு அவரைச் சேர்த்துவிடும் பேச்சு இப்போது நடக்கிறது.